வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா

நாள் 212 / 09:10
கலிஸ்டோ பனிச் சுரங்க நிலையம், ஏ பிளாக், மருத்துவ அறை.
பதிவு: டாக்டர் ஞானசிகாமணி, பொது மருத்துவர், வயது 53.

இன்று வந்தவர்கள் ஐந்து பேர். கால்விரல் இடுக்கில் படை, ஒருவர். நெஞ்செரிச்சல், ஒருவர். கழுத்துப் பிடிப்பு, ஒருவர். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் ஒருவர், 138/86. ஊறுகாயைக் குறைக்கச் சொன்னேன், குறைக்க மாட்டார். தும்மலும் மூக்கடைப்பும், ஒருவர்.

விதிப்படி இந்தக் குறிப்பு எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு. அதனால் கொஞ்சம் அறிமுகம். இது வியாழனின் நிலவு. பனியை வெட்டி எரிபொருளாக்கி அனுப்புகிறோம். மொத்தம் இருபத்திரண்டு பேர். வெளியே போய் வெட்டுகிற பன்னிரண்டு பேர் பி பிளாக்கில் தூங்குகிறார்கள். மற்ற பத்துப் பேருக்கும் ஏ பிளாக். நடுவில் அறுபது மீட்டர் நடைக்குழாய். பி பிளாக்குக்குக் காற்றும் அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. அடுத்த கப்பல் வர ஏழு மாதம் இருக்கிறது. அதற்கு முன் யாரும் எங்கேயும் போக முடியாது, நானும்தான்.

ஆலோசனைப் பேச்சு எல்லாம் என் சட்டைக் காலரில் உள்ள கருவியில் பதிவாகும். தேவைப்படும் இடத்தில் அப்படியே எடுத்து ஒட்டுகிறேன்.

தும்மலோடு வந்தவன் சமையற்காரன் பொன்னுரங்கம். நூற்றுப் பத்து கிலோ, எந்த நோயும் இல்லாத உடம்பு.

"டாக்டர், படுத்தா மூக்கு அடைச்சுக்குது. காலையில பத்துத் தும்மல்."
"குளிர் காத்து நேரா முகத்துல அடிக்குதா?"
"அடிக்குது டாக்டர். தலைமாட்டிலேயே காத்து வர்ற வென்ட்."
"அது முகத்துல படாம பாத்துக்க. தலைக்கு ஏதாவது கட்டிக்க. இந்த மாத்திரை ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாளைக்கு."

முப்பது வருடமாக இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேரண்டத்தின் இந்த மூலையிலும் இதுதான் என் மருத்துவம்.

நாள் 219 / 09:40
பொன்னுரங்கம் மறுபடி. இந்த முறை தலைவலி.

"காலையில எழுந்தா தலை கனக்குது டாக்டர்."
"எந்தப் பக்கம்?"
"ரெண்டு பக்கமும்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "இன்னொரு நாளைக்கு முன்பக்கம்."
"வாந்தி?"
"வாந்தி இல்ல. வர்ற மாதிரி இருக்கும்."
"எத்தனை மாத்திரை வேணும்?"
"ஒரு இருபத்து நாலு குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."
"உனக்கு ஒருத்தனுக்கா?"
"நான் கொஞ்சம் பெரிய உடம்பு டாக்டர்."

பத்து கொடுத்தேன். காப்பி குறைக்கச் சொன்னேன்.

வெளிவேலை ஆட்கள் யாரும் வரவில்லை. அவர்கள் வருவதே இல்லை. காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். பூமியில் எங்கள் மருத்துவப் பிரிவின் இயக்குநர் டாக்டர் பிரேம்ஜித் ஒரு விதி போட்டிருக்கிறார். வெளியே போகும் ஆள் முப்பது நாளில் மூன்று முறை தலைவலி, தலைசுற்றல், கை மரத்துப்போதல் என்று என்னிடம் வந்தால், அவருடைய உரிமம் ரத்து, அடுத்த கப்பலில் ஊர். நாற்பதாம் நாள் குமரேசன் என்ற, துளைப்பான் ஓட்டுகிற ஆள் மூன்றாவது முறை வந்தான். கண்ணாடியை மாற்றினால் போயிருக்கும் தலைவலி. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விதிப்படி எழுதி அனுப்பினேன். விதி எவ்வளவு முட்டாள்தனமானது என்று பிரேம்ஜித்துக்குப் புரியட்டும் என்று நினைத்தேன். புரியவில்லை. குமரேசன் போய்விட்டான். அவன் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள், அங்கயற்கண்ணி. அன்றிலிருந்து இங்கே வெளிவேலை ஆட்களுக்குத் தலைவலியே கிடையாது.

நாள் 224 / 09:15
பொன்னுரங்கம். தலைவலி. கூடவே உடம்பு அசதி, முழங்கால் வலி, இரண்டு நாளாக மலச்சிக்கல், கழுத்தின் இடப்பக்கம் அரிப்பு. கடைசியாக இது:

"அப்புறம் டாக்டர், கையுறை போடும்போது விரல் மரத்துப் போகுது."
"அடுப்படியில என்னய்யா கையுறை?"
யோசித்தான். "சூடான சட்டி தூக்குறப்ப."

கழுத்தைப் பார்த்தேன். அரிப்பின் அடையாளமே இல்லை. முழங்கால் இரண்டும் நன்றாக மடங்குகின்றன.

இந்த ஆளின் வேலை எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து இவனை அனுப்பி என்னைச் சோதிக்கிறார்கள். அல்லது இவன் மாத்திரை சேர்த்துவைக்கிறான். நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை அறைக்கு எடுத்து வந்துவிடுகிறேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்த வேடிக்கை.

நாள் 229 / 10:05
பொன்னுரங்கம், ஒன்பதாவது முறை. தலைவலி, ஞாபகமறதி, "அடிக்கடி கோபம் வருது டாக்டர்." இப்படி ஒரு சிரித்த முகத்தில் கோபத்தை நான் பார்த்ததில்லை.

இன்று கால்சியம் மாத்திரை கொடுத்தேன், முப்பது. புதுவிதமான வலி மாத்திரை என்று சொன்னேன். பார்க்கலாம். இவன் நோய் சுண்ணாம்பிலேயே குணமாகிவிடும்.

நாள் 231 / 11:30
பூமியிலிருந்து குரல் செய்தி. செய்தி வந்துசேர நாற்பத்து மூன்று நிமிடம். பிரேம்ஜித். என் மாத அறிக்கைக்குப் பதில்.

"ஞானம், எப்படி இருக்க? அறிக்கை பாத்தேன். இருபது நாள்ல ஒரே ஆள் ஒன்பது தடவையா? மனநோய்னு போட்டிருக்க. இருக்கலாம். ஆனா நீ ஒண்ணு கேப்பியே எல்லார்கிட்டயும், 'வீட்ல வேற யாருக்காவது இருக்கா'ன்னு. அதைக் கேட்டியா? எனக்கு அது சொல்லிக்குடுத்ததே நீதானே. உடம்பைப் பாத்துக்க."

எனக்கே சொல்கிறார்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் படித்தவர்கள். பயிற்சி மருத்துவர்களாக ஒரே புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தவர்கள். ஒரு வாரத்துச் சீட்டுகளை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தரையில் பரப்பினேன். வயிற்றுவலி ஆறு பேர், ஆறு பேரும் ஒரே தெரு, ஒரே கைப்பம்பு. மறுநாள் அந்தப் பம்பைப் பூட்டவைத்தேன். நான்கு மாதம் கழித்து அது ஒரு கட்டுரையாக வந்தது. ஆசிரியர் பிரேம்ஜித். கடைசி வரியில் 'நண்பர் ஒருவரின் உதவிக்கு நன்றி'. அந்தக் கட்டுரையில் ஏறியவர்தான் இன்னும் இறங்கவில்லை. நண்பர் ஒருவர் கலிஸ்டோவில் கால்விரல் படைக்குக் களிம்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.

பதில் அனுப்பவில்லை. அந்தக் கேள்வியையும் பொன்னுரங்கத்திடம் கேட்கப்போவதில்லை. அவனுக்கு இங்கே ஏது வீடு? அடுப்படிக்குப் பக்கத்து அறையில் தனியாகத் தூங்குகிறான்.

நாள் 238 / 09:30
பொன்னுரங்கம் வந்தான். முகம் சரியில்லை. இந்த முறை உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. முழுப் பரிசோதனை செய்தேன். ரத்தம், சிறுநீர், இதயம், கண்ணின் உட்புறம். ஒன்றரை மணி நேரம்.

எல்லாம் சரி. இந்த நிலையத்திலேயே ஆரோக்கியமான மனிதன் இவன்தான். இதைச் சொன்னதும் அவன் அழ ஆரம்பித்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும் டாக்டர்."
"அப்புறம் எதுக்குய்யா இருபத்தஞ்சு நாளா வந்து உயிரை வாங்குற?"
"எனக்கில்ல. பி பிளாக் புள்ளைங்களுக்கு. மூணு தடவை வந்தா ஊருக்கு அனுப்பிடுவீங்கன்னு யாரும் வர மாட்டேங்குதுங்க. நான் சமையல்காரன், எத்தனை தடவை வந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அதான் நான் வந்து சொல்லி, மாத்திரை வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். யாருக்கு என்னன்னு மறக்காம இருக்க கையில எழுதிட்டு வருவேன். இப்ப கொஞ்ச நாளா மாத்திரைக்கு வலி கேக்கவே இல்ல டாக்டர். நேத்து அங்கயற்கண்ணி என் பேரை மறந்துட்டா."

கேட்டேன், முப்பது வருடமாகக் கேட்கும் கேள்வியை, இருபத்தைந்து நாள் தாமதமாக. எத்தனை பேருக்கு?

"முதல்ல ஒன்பது பேருக்கு டாக்டர். இந்த வாரம் பன்னண்டு பேருக்கும்."

நாள் 238 / 11:20
பொன்னுரங்கத்தின் கோப்பைத் திறந்து, அவனை உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மையான பெயரை எழுதினேன். முன்பக்கத் தலைவலி, சகாயராஜ். இரண்டு பக்கமும், அங்கயற்கண்ணி. மரத்த விரலும் அவளுடையதுதான். எழுதி முடித்தபோது ஒரு மனநோயாளி காணாமல் போயிருந்தான். அந்த இடத்தில் ஒரே கூரையின் கீழ் தூங்குகிற பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் காலையில் தலைவலி. வேலைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் குறைகிறது. தூங்கி எழுந்தால் திரும்ப வருகிறது.

இரண்டாம் ஆண்டு மாணவனும் சொல்வான். அவர்கள் தூங்கும் இடத்துக் காற்று கெட்டிருக்கிறது.

தாழ்வாரத்துக் கருவி அளவு சரி என்கிறது. ஆனால் அவர்கள் தூங்குவது தாழ்வாரத்தில் அல்ல, பெட்டி போன்ற படுக்கைகளில். இங்கே ஈர்ப்பு குறைவு. விட்ட மூச்சு மேலே ஏறிக் கலையாது, முகத்தைச் சுற்றியே நிற்கும். அதைத் தள்ளத்தான் ஒவ்வொரு தலைமாட்டிலும் வென்ட்.

போய்ப் பார்க்கிறேன். இருநூற்று முப்பத்தெட்டு நாளில் பி பிளாக்குக்கு இது மூன்றாவது முறை.

நாள் 238 / 12:15
பி பிளாக். எட்டுப் பேர் ஓய்வில் இருக்கிறார்கள். நான்கு பேர் வெளியே வேலையில். பன்னிரண்டு படுக்கைகளையும் பார்த்தேன். பன்னிரண்டு வென்ட்டும் அடைத்திருந்தன. துண்டு, மப்ளர், பழைய பனியன், ஒன்றில் கால்சராயின் ஒரு கால். மேலே டேப் போட்டு, ஓரம் பிசிறில்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள்.

அங்கே மூத்தவன் சகாயராஜ். நாற்பத்தாறு வயது. கண் சிவந்திருந்தது.

"டாக்டர் அதிசயமா வீட்டுக்கு வந்திருக்காரு. எல்லாரும் எந்திரிங்கடா."
"இதை யாருய்யா அடைக்கச் சொன்னது?"
"நீங்கதான் டாக்டர்."
"நானா?"
"ரங்கம் அண்ணன் வந்து சொன்னாரு. குளிர் காத்து முகத்துல படக் கூடாது, தலைக்குக் கட்டிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு. அவரு மாத்திரையை மட்டுமா கொண்டுவருவாரு, நீங்க சொல்ற எல்லாத்தையும் கொண்டுவருவாரு. சும்மா சொல்லக் கூடாது, தும்மல் நின்னு போச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எங்க ஊர் டாக்டரும் இதைத்தான் சொல்லுவாரு," என்றான் சகாயராஜ். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

எல்லாவற்றையும் பிய்த்து எடுக்கச் சொன்னேன். எடுத்தோம். காற்று வரவில்லை. மோட்டார் அறையைத் திறந்தால் கருகிய வாசம். இருபத்தைந்து நாளாக அடைத்த வாய்களை எதிர்த்து ஓடி, சுருள் எரிந்துபோயிருக்கிறது. குழாயில் ஏ பிளாக் தள்ளுகிற கொஞ்சம் காற்றுதான் தாழ்வாரத்துக்கு வருகிறது. அதை வைத்துத்தான் கருவி எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மேலாளர் எஸ்தர் ஜெயக்கொடிக்கு உள்தொலைபேசியில் சொன்னேன். வெளியே இருக்கும் நான்கு பேரையும் உடனே திரும்பக் கூப்பிடச் சொன்னேன். வண்டி ஓட்டும் நிலையில் அவர்கள் யாரும் இல்லை.

நாள் 238 / 12:50
எஸ்தர் கூப்பிட்டார். மூன்று பேர் நடந்து ஏ பிளாக்குக்கு வந்துசேர்ந்தார்கள். அங்கயற்கண்ணி நாற்பது டன் பனி வண்டியில் வந்தாள். நடைக்குழாய்க்கு முன் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

குழாய் இரண்டாக உடைந்தது. இரண்டு பக்கக் கதவுகளும் தாமாக மூடிக்கொண்டன. நான் பி பக்கம் இருக்கிறேன்.

நாள் 238 / 14:30
நிலவரம். பி பிளாக்கில் ஒன்பது பேர், என்னையும் சேர்த்து. இரண்டு பேருந்துகளின் அளவு இடம். விண்வெளி உடை ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஏ பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் போதுமான அளவு உண்டு. நாம் வெளியே விடும் மூச்சுதான் சிக்கல். கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாக்கள் ஒன்பது பேருக்கு முப்பது மணி நேரம் தாங்கும்.

எஸ்தர், உள்தொலைபேசியில்: "டாக்டர், குழாயைச் சரி செய்ய முடியாது. நாங்க வெளியே பனியைத் தோண்டி, ஒரு வளையும் குழாயை உங்க பக்கத்து நாலாம் நம்பர் வென்ட்டுல கொண்டுவந்து சேக்கப்போறோம். ஐம்பத்தாறு மணி நேரம் ஆகும். குறைக்கப் பாக்கிறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்."
"எப்ப வரும்?"
"நாளான்னைக்கு ராத்திரி பத்தரைக்கு. ஒண்ணு சொல்லணும், அந்தக் காத்தைச் சூடு பண்ண முடியாது. ரொம்பக் குளிரா வரும். யாரும் பயந்துடாதீங்க."

இருபத்தாறு மணி நேரம் குறைகிறது. எட்டுப் பேருக்கும் தெரியும்.

அங்கயற்கண்ணியை வண்டியிலிருந்து ஏ பக்கம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே மருத்துவர் இல்லை. தொலைபேசியில் பொன்னுரங்கம் வந்தான்.

"டாக்டர், கை தொங்குது. என்ன பண்ணட்டும்?"
"விரலை அசைக்கச் சொல்லு."
"அசைக்குது."
"விரல் நுனியை அழுத்திப் பாரு. வெளுத்துட்டுத் திரும்பச் செவக்குதா?"
"செவக்குது டாக்டர்."
"நல்லது. ரெண்டு கரண்டிக் காம்பு எடு. நீளமானது."
"எதுக்கு?"
"கட்டுறதுக்குய்யா. ரசம் வைக்கவா சொல்றேன்?"

முழங்கைக்குக் கீழ் எலும்பு முறிவு. அவன் கட்டிய கட்டு சரியாகத்தான் இருக்க வேண்டும். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் செய்கிறவன். நல்லதும் கெட்டதும் அதுதான்.

நாள் 239 / 08:00
சிகிச்சை எழுதுகிறேன். எல்லோரும் படுத்தே இருக்க வேண்டும். பேச்சு குறைவாக. சாப்பாடு வேண்டாம், தண்ணீர் போதும். அசையாத உடம்பு குறைவாக மூச்சு விடும். தூக்க மாத்திரை கேட்டார்கள், கொடுக்க மாட்டேன். இந்தக் காற்றில் அது மூச்சையே நிறுத்தும். ஒருவர் மட்டும் விழித்திருந்து, சாப்பாட்டுத் தட்டால் ஒவ்வொரு படுக்கையிலும் முகத்துக்கு நேராக விசிற வேண்டும். முகத்தில் மூச்சு தேங்கக் கூடாது. அந்த ஒருவர் நான். இதுவரை கெட்ட காற்றில் தூங்காதவன் நான் ஒருவன்தான். மற்றவர்களை விட என் மூளை இருபத்தைந்து நாள் புதிது.

நாலாம் வென்ட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்: இதைத் திறந்தே வைக்கவும். காற்று இதில் வரும்.

சகாயராஜ் படித்துவிட்டுச் சொன்னான்: "எழுத்து நல்லா இருக்கு டாக்டர். சீட்டுலயும் இப்படி எழுதுனா என்ன?"

கால்சியம் மாத்திரையைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். ஒரு படுக்கையிலிருந்து ஒரு குரல்: "எலும்பாவது உறுதியா இருக்கும்." எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள், மூச்சு வீணாகிறது என்று திட்டினேன்.

நாள் 239 / 19:00
டப்பாக்கள் கிட்டத்தட்ட முடிந்தன. கரியமில வாயுவின் அளவு 0.9 சதவீதம். இனி மணிக்குக் கால் சதவீதம் ஏறும்.

பிரேம்ஜித்திடமிருந்து செய்தி. எஸ்தர் அனுப்பிவைத்தார்.

"ஞானம். எல்லாம் கேள்விப்பட்டேன். அந்த மூணு தடவை விதியை இன்னைக்கு நிறுத்திட்டேன். முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அந்தக் கைப்பம்பு கட்டுரையில உன் பேரு முதல்ல வந்திருக்கணும். அதையும் இப்பதான் சொல்றேன். நீ வெளியே வா. நேர்ல திட்டு."

முப்பது வருடமாக இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். கேட்டுக்கொண்டே மூன்றாம் படுக்கைக்கு விசிறினேன். பதில்: "பிரேம், ஒன்பதாவது வருகையில் உன் கேள்விதான் சரி. நான் கேட்கவில்லை. நீ கேட்டதாலேயே கேட்கவில்லை. குமரேசனுக்குக் கண்ணாடி மாற்றினால் போதும். அவனைத் திரும்ப வேலைக்கு எடு." அனுப்பிவிட்டேன்.

நாள் 240 / 09:00
அளவு 3.8. எல்லோருக்கும் தலைவலி. எனக்கும். எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டேன். இரண்டு பக்கமும்.

மூச்சு வேகமாக இருக்கிறது. நிமிடத்துக்கு இருபத்தாறு. ஏழாம் படுக்கையில் ஒருவன் வாந்தி. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

பொன்னுரங்கம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அழைக்கிறான். என் நோய்க்குறிகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறான். எதற்கு என்றேன். "யாராவது எழுதி வைக்கணும் டாக்டர். நீங்கதானே வைக்கச் சொல்வீங்க." கையிலா எழுதுகிறாய் என்றேன். ஆமாம் என்றான்.

நாள் 240 / 14:00
4.9. விசிறுகிறேன். தட்டு கனக்கிறது. இங்கே எதுவும் கனக்காது, ஆனாலும்.

எண்ணினேன், ஒன்பது. மறுபடி எண்ணினேன், எட்டு. என்னை விட்டுவிட்டேன். எட்டுதான் சரி. நான் நோயாளி இல்லை.

சகாயராஜை எழுப்பினால் கண் திறக்கிறான். பெயர் கேட்டால் சொல்கிறான். பரவாயில்லை.

எஸ்தர்: "இன்னும் ஏழு மணி நேரம் டாக்டர். ஒருவேளை ஆறு. விசிறுறதை நிறுத்தாதீங்க. நாலாம் வென்ட் திறந்திருக்குல்ல?"
திறந்திருக்கிறது.

நாள் 240 / 17:20
5.6. எழுத்து ஆடுகிறது. விரல் மரத்துப்போகிறது. கையுறை போடாமலே.

வியர்க்கிறது. எல்லோர் முகமும் சிவந்திருக்கிறது, குழந்தைகள் மாதிரி. நல்ல நிறம். நல்ல நிறம் என்று நினைக்கக் கூடாது. அது கெட்ட அறிகுறி. ஏன் என்று புத்தகத்தில் இருக்கிறது.

சுவரில் ஏதோ எழுதியிருக்கிறது. பெரிய எழுத்து. பிறகு படிக்கிறேன்.

பொன்னுரங்கம்: "டாக்டர், குழாய் வந்துருச்சு. இன்னும் நாலு மீட்டர்தான். தூங்கிடாதீங்க டாக்டர். பேசிக்கிட்டே இருங்க. ராத்திரிக்கு என்ன வேணும், சொல்லுங்க, வைக்கிறேன். இன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்."

இவனுக்கு எப்போதும் ஏதாவது வேண்டும்.

நாள் 240 / 18:
புறநோயாளிகள் எட்டு பேர். எல்லோரும் படுத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கவில்லை. நல்ல ஒழுங்கு. ஒரே தெரு. கைப்பம்பைப் பூட்ட வேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும், என் பெயர் முதலில்

பொன்னுரங்கம் சுவரிலிருந்து பேசுகிறான். பன்னிரண்டாவது முறை வருகிறான்.

"டாக்டர், திறந்துட்டோம். காத்து வருதா? வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டர். நாலாம் நம்பர்ல கை வெச்சுப் பாருங்க. குளிரா வரும்."

மாத்திரை கொடுத்தாயிற்று. போகச் சொன்னேன்.

நாள் 240 /
குளிர் அடிக்கிறது. தலைமாட்டிலிருந்து. யாரோ திறந்து போட்டிருக்கிறார்கள். பனி மாதிரி காற்று, நேராக அந்தப் பையன்கள் முகத்தில். பாவம், வேர்த்த உடம்பு. காலையில் எல்லோரும் தும்முவார்கள்.

நான் எழுந்தேன். துண்டு கிடைத்தது. டேப்பும் இருந்தது. ஓரம் பிசிறில்லாமல் ஒட்டிவிட்டேன்.

இப்போது காற்று வரவில்லை. நன்றாகத் தூங்குகிறார்கள்.